பக்கத்தில் வேறு பேரி உண்டா

மார்ச் கடைசிச் சனிக்கிழமை.
ஷ்கோஃப்யா லோகா ஊரில்
சோரா ஆற்றங்கரை நாற்றுச் சந்தை.
வேரைச் சாக்கில் சுற்றிக்கொண்டு
சுவரில் சாய்ந்து நிற்கின்றன மரங்கள்,
ரயில் தாமதமான பயணிகள் போல.
இலையில்லை, பூவில்லை.
கழுத்தில் கட்டிய அட்டைதான் சாட்சி:
இது செர்ரி, இது பிளம்,
நம்பினால் நம்பு.

எங்களுக்கு இருப்பது
பன்னிரண்டு மீட்டருக்கு ஒன்பது.
அதில் கழிவுநீர்க் குழாய் ஓடும் வழி போக,
துணிக்கொடி போக,
யெர்னெய் விட்டுக்கொடுக்காத சைக்கிள் கொட்டகை போக,
மிச்சம் ஒரு மரத்துக்கு.
இரண்டு வைக்கலாம் என்கிறான்.
குச்சியாக நிற்கும்போது
எந்த இடமும் இரண்டைக் கொள்ளும்.

முதலில் அக்ரூட் வேண்டுமென்றான்.
தன் காலடியில் தக்காளியை வாழவிடாத மரம் அது;
என் பாத்தியை நினைத்துப் பேசு என்றேன்.
வெள்ளைப் பட்டைக்காக நான் பிர்ச் கேட்டேன்.
ஏப்ரல் முழுக்கத் தும்முவது நீயா நானா என்றான்.
செர்ரி என்றால் சதை குருவிக்கு, கொட்டை நமக்கு.
ஆப்ரிகாட் அழகிதான், ஆனால் அவசரக்காரி.
பாங்க்ராட்சி, செர்வாட்சி, போனிஃபாட்சி என்று
மே மாதப் பனிப் புனிதர்கள் மூவரும்
வந்து போகும்வரை பொறுக்கமாட்டாள்;
பூத்துவிட்டுக் கருகி நிற்பாள்.

கடைசியில் ஒரு பேரிக் கன்றின் முன்
இருவரும் ஒரே நேரத்தில் வாயை மூடினோம்.
கணுக்கால் உயரத்தில் ஒட்டுப் போட்ட முடிச்சு,
ஆறிப்போன தழும்பு மாதிரி.
இருபத்தெட்டு யூரோ.

நீட்டிய பணத்தை காஷ்பெர் வாங்கவில்லை.
"பக்கத்தில் வேறு பேரி உண்டா?
இது தனியாய்க் காய்க்காது.
இன்னொரு வகையின் மகரந்தத்தைத்
தேனீ தூக்கி வர வேண்டும்.
உங்களிடம் இல்லையென்றால்
அண்டை வீட்டில் பாருங்கள்."

அண்டை வீட்டில் இருக்கிறது.
நன்றாகவே இருக்கிறது.
ஒவ்வொரு செப்டம்பரும் எங்கள் நடைபாதையில்
அழுகிக்கொண்டு, குளவி மொய்த்துக்கொண்டு,
யெர்னெயை ஒருமுறை வழுக்கிவிட்டும் இருக்கிறது.
இரண்டு வருடம் முன்பு
அதைப் பற்றிக் கடிதம் எழுதினேன்.
வேலியோரம் நின்று சொல்லியிருக்கலாம்;
பதிவுத் தபாலில் அனுப்பினேன்.
'தங்கள் மரம்' என்று தொடங்கி
'தக்க நடவடிக்கை' என்று முடித்தேன்.
அன்றிலிருந்து தரிங்காவும் நானும்
குப்பைத் தொட்டி இழுத்து வைக்கும் நாளில்கூட
முகம் பார்ப்பதில்லை.

கன்றை வாங்கிவிட்டோம்.
காரின் பின்னிருக்கையில் படுத்து,
தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு வந்தது.
யார் போய்க் கேட்பது என்று
பாலம் தாண்டும்வரை பேச்சில்லை.
கடிதம் எழுதியது நான்.

தரிங்கா மாவுக் கையோடு கதவைத் திறந்தாள்.
"உங்கள் பேரி என்ன வகை?"
"பெயர் தெரியாது. வீட்டோடு வந்தது.
எதற்குக் கேட்கிறீர்கள்?
செவ்வாய்க்கிழமை வெட்டுகிறேனே.
மைத்துனனிடம் ரம்பம் வாங்கியாயிற்று.
நீங்கள் எழுதியதுதானே."
கதவுக்குப் பின்னால் அது இருந்தது,
ஆரஞ்சு நிறத்தில்,
பெட்ரோல் வாசனையோடு.

மன்னிப்பு என்ற சொல்லைத் தேடினேன்;
வாயில் வந்தது மகரந்தம்.
தேனீயைப் பற்றிச் சொன்னேன்.
தனியாய்க் காய்க்காது என்பதை
இரண்டு முறை சொன்னேன்.
கேட்டுக்கொண்டாள்.
"அடுப்பில் வேலையிருக்கிறது" என்றாள்.
கதவு ஓங்கியும் சாத்தவில்லை,
மெல்லவும் சாத்தவில்லை.

சாயங்காலம் குழி தோண்டினோம்.
அவன் வெட்ட, நான் கல் பொறுக்க,
வேர் வாளித் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது.
செவ்வாயன்று விழப்போகும் மரத்தை நம்பி
இன்று ஒரு மரம் நடுகிறோமே,
இது என்ன புத்தி என்று
யெர்னெய் கேட்கவில்லை.
என் முதுகு கேட்டது.

வேலிக்கு மேலே ஒரு தலை.
எவ்வளவு நேரமாய் நின்றாளோ.
"அங்கே வைக்காதீர்கள்" என்றாள் தரிங்கா.
"இன்னும் ரெண்டடி இடது பக்கம்.
ஜூன் வந்தால் அந்த இடத்தில்
என் மரத்து நிழல் விழும்."